சாப்பிட அடம்பிடிக்கும் சின்னப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வயது தாண்டிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆலோசனைக்கு வரும் அம்மாக்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள்: "எதைக் கொடுத்தாலும் சாப்பிட மாட்டேன் என்கிறது." அடுத்த வாக்கியம், "என்னதான் கொடுக்கலாம், சொல்லுங்கள்." எதைக் கொடுப்பது என்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். பிள்ளையின் வயிற்றில் இப்போது என்ன நிறைந்திருக்கிறது? அதை எப்படிக் கொடுக்கிறோம்? இந்த இரண்டும் சரியானால் பாதிப் பிள்ளைகள் தானாகவே தட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இங்கே உள்ளவை 1 முதல் 3 வயது வரையிலான பிள்ளைகளுக்கானவை. குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதய நோய் போன்ற நீண்ட கால நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அவர்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முதலில்.

ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டவன், இப்போது வாயையே திறப்பதில்லை. என்ன ஆயிற்று?

பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்த நாளில் 9 கிலோவைத் தொட்டிருக்கும். ஒரே ஆண்டில் 6 கிலோ. அடுத்த ஆண்டு முழுவதும் அது ஏறுவது சுமார் 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சியின் வேகம் தணிந்தால் பசியும் தணியும். பத்து மாதத்தில் ஒரு கிண்ணம் தின்ற பிள்ளை ஒன்றரை வயதில் முக்கால் கிண்ணத்தோடு எழுந்துவிடுவது இதனால்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றரை வயதை ஒட்டிப் புதிய உணவின் மேல் ஒருவித அச்சம் வரும். தெரியாத நிறம், தெரியாத வாசனை என்றால் நாக்கில் வைத்துப் பார்க்காமலே தள்ளிவிடும். நேற்று வரை ரசித்துத் தின்ற பூசணிக்காய்கூட இன்று வேண்டாததாகிவிடும். நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதை எல்லாம் வாயில் போட்டுவிடாமல் இருக்க இயற்கை வைத்த காவல் இது என்று இத்துறை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 2 வயது முதல் 6 வயதுக்குள் இது உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்லத் தணிகிறது. "வேண்டாம்" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு அதன் பலத்தைச் சோதித்துப் பார்க்கும் வயதும் இதுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டால் போதும்?

தாய்ப்பாலும் குடிக்கும் 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவு, ஒவ்வொரு வேளையும் 250 மி.லி. கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம், இடையில் தேவைக்கேற்ப ஒன்றிரண்டு சிற்றுணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தட்டில் முதலில் வைக்க எளிய அளவு ஒன்று உண்டு: ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. இரண்டு வயதுப் பிள்ளை என்றால் சாதம் இரண்டு கரண்டி, பருப்பு இரண்டு கரண்டி, காய் இரண்டு கரண்டி. தின்று முடித்துக் கேட்டால் இன்னும் வையுங்கள். பெரியவர் தட்டில் மலைபோல் குவித்து வைத்தால் பார்த்தவுடனே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு வேளையையோ ஒரு நாளையோ வைத்து முடிவு கட்டாதீர்கள். 1920-களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார். அப்போதுதான் பால் மறந்த குழந்தைகளுக்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளை வைத்து, எதை, எவ்வளவு என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். ஒரு வேளை முட்டையாகவே தின்பார்கள். மறுவேளை பழம் மட்டும். பெரியவர் கண்ணுக்குத் தாறுமாறான சாப்பாடு. ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். இதில் இன்னொரு பாதி முக்கியம்: அந்த முப்பது உணவுகளில் இனிப்புப் பண்டமோ பாக்கெட் தின்பண்டமோ கிடையாது. சர்க்கரையும் சேர்க்கவில்லை. பிள்ளையின் வயிற்றை நம்பலாம். அதன் முன்னால் எதை வைக்கிறோம் என்பது நம் பொறுப்பு. டேவிஸும் பின்னாளில் இதையே அழுத்திச் சொன்னார்.

சோறு தொடுவதில்லை, பால் மட்டும் நன்றாகக் குடிக்கிறாள். பாலில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறதே?

நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. மிக அதிகமாகக் கவலைப்படுவதும் இதைக் கேட்டுத்தான்.

பாலில் புரதமும் கால்சியமும் உண்டு. இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. உணவில் உள்ள கொஞ்ச இரும்பும் உடலில் சேராதபடி பாலின் கால்சியம் தடுக்கவும் செய்யும். அதைவிடப் பெரிய சிக்கல், வயிற்றில் இடமே மிச்சமிருக்காது. ஒரு நாள் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். காலை எழுந்ததும் பாட்டிலில் 200 மி.லி. பத்து மணிக்கு இட்லியைத் துப்பிவிட்டாள் என்று 150. மதியம் வெறும் வயிற்றோடு எப்படித் தூங்க வைப்பது என்று 200. மாலை 200. இரவு தூங்கும்போது 250. நடுவில் ஒருமுறை விழித்து அழுதால் இன்னொரு 100. மொத்தம் 1,100 மி.லி. பசும்பாலில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 65 கலோரி. ஆக, 700 கலோரிக்கு மேல் பாலிலேயே போய்விட்டது. இந்த வயதில் நாளொன்றுக்குத் தேவையானதே 1,000 முதல் 1,100 கலோரிதான். எருமைப் பால் என்றால் கணக்கு இன்னும் மோசம். அந்தப் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? சாப்பிட மறுப்பது அடம் என்கிறோம். உண்மையில் வயிறு நிறைந்திருக்கிறது.

ஒரு வயதுக்கு மேல் மாட்டுப் பால் நாளொன்றுக்கு 400 முதல் 500 மி.லி. போதும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும், விருப்பமிருந்தால் அதற்குப் பிறகும் தொடரலாம். ஆனால் பகலில் உணவு வேளைக்குச் சற்று முன் கொடுப்பதைத் தவிருங்கள்.

குறைக்கும்போது நடு இரவுப் பாட்டிலில் தொடங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மி.லி. குறைத்துக்கொண்டே வாருங்கள். விழித்தால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். அது நின்ற பிறகு மதியப் பால். பிறகு பாட்டிலையே எடுத்துவிட்டுச் சின்னத் தம்ளருக்கு மாற்றுங்கள். தம்ளரில் எந்தப் பிள்ளையும் பாட்டிலில் குடித்த அளவு குடிப்பதில்லை. நமக்கு வேண்டியதும் அதுதான். பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைகளின் முன்பற்கள் கறுத்துச் சொத்தையாவதற்கும் இதோடு ஒரு முடிவு வரும். முதல் மூன்று நான்கு நாட்கள் அழுகை இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரக் கடைசியில் மதியச் சோற்றை எப்படிப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள்.

பிஸ்கட், ரஸ்க் கொடுக்கலாமா? ஏதாவது வயிற்றில் போகட்டுமே.

அந்த "ஏதாவது"தான் அடுத்த வேளைச் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மைதா, சர்க்கரை, எண்ணெய் மூன்றும் சேர்ந்த நான்கு பிஸ்கட்டில் நூறு கலோரிக்கு மேல் இருக்கும். வேறு சத்து பெரிதாகக் கிடையாது. உணவு இல்லாத நேரத்துக்குப் பழம், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மசித்த சுண்டல், பொட்டுக்கடலை மாவு உருண்டை. வீட்டில் பிஸ்கட் டப்பா கண்ணில் படும் இடத்தில் இருந்தால் பிள்ளையிடம் மட்டும் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வாயை இறுக மூடிக்கொள்கிறான். அடக்கிப் பிடித்து ஊட்டினால்தான் இரண்டு வாய் உள்ளே போகிறது. வேறு வழி?

தயவுசெய்து இதை நிறுத்துங்கள். மடியில் மல்லாக்கக் கிடத்தி, கைகளைத் தொடைக்கடியில் அடக்கி, மூக்கைப் பிடித்து, வாய் திறக்கும்போது பாலாடையாலோ சங்காலோ கஞ்சியை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அழும்போது மூச்சு உள்ளிழுக்கும் நொடியில் கஞ்சி நுரையீரலுக்குள் போகலாம். நிமோனியாவில் முடியலாம், மூச்சே அடைத்தும் போகலாம். அந்த ஆபத்து நேராவிட்டாலும் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: சாப்பாடு என்றால் பயம். கிண்ணத்தைப் பார்த்ததும் ஓடும் பிள்ளைகளில் பலர் இப்படிப் பயந்தவர்களே.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் வேலையை இரண்டாகப் பிரித்தார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பவை பெரியவர் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பவை பிள்ளையின் முடிவு. கேட்க எளிது, நம் வீட்டில் நடைமுறைப்படுத்துவது கடினம், ஏனென்றால் நாம் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். "என்ன வேண்டும் கண்ணா, தோசையா நூடுல்ஸா?" என்று எதைத் தின்பது என்பதைப் பிள்ளையிடம் கேட்கிறோம். எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்து திணிக்கிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளியில் உணவு. நடுவில் தண்ணீர் மட்டும். வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும் பிள்ளைக்கும் ஒரு தட்டு, தரையில் பக்கத்திலேயே. கையால் அளைந்து, சிந்தித் தின்னட்டும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டு வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். சாப்பிடவில்லை என்பதற்காக அரை மணி நேரத்தில் பாலோ பிஸ்கட்டோ கொடுத்தால் முழு முயற்சியும் வீண்.

மாமியார் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

பேரப்பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்ற தவிப்பில்தான் அவர்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். அந்த அக்கறையோடு சண்டை போடாதீர்கள். அவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். "அத்தை, அவன் அரை இட்லியோடு எழுந்தால் விட்டுவிடுவோம். பத்தரை மணிக்கு நீங்கள்தான் பழம் கொடுக்க வேண்டும்" என்று நேரத்தோடு சொன்னால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த வேளை எப்போது என்று தெரிந்தால் பட்டினி என்ற பயம் குறையும். மாதாமாதம் அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் வைக்கும் புள்ளியை அவர்களுக்கும் காட்டுங்கள். புள்ளி பச்சைப் பட்டையில் ஏறிக்கொண்டிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

கைபேசியில் பாட்டுப் போட்டால் ஒரு கிண்ணம் முழுவதும் தின்கிறாள். அது தப்பா?

அவள் தின்னவில்லை, வாய்க்குள் போவதே தெரியாமல் விழுங்குகிறாள். பசியும் நிறைவும் அவளுக்கே தெரியாமல் போகும். மெல்லாமல் விழுங்கும் பழக்கமும் வரும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றும் சொல்கிறது. காலை உணவில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். பிறகு மற்ற வேளைகள்.

சரி, என்ன உணவு கொடுப்பது?

கொஞ்சமாகத் தின்னும் பிள்ளைக்குக் கொஞ்சத்திலேயே சத்து அடங்கியிருக்க வேண்டும். நாம் செய்வதோ எதிர்மாறு. பருப்பைக் கடையாமல் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் சாதத்தில் ஊற்றுகிறோம். கேழ்வரகைக் குடிக்கும் பதத்துக்கு நீர்க்கக் கரைக்கிறோம். ரசம் சாதம் ஊட்டுகிறோம். மூன்றிலும் வயிற்றை நிரப்புவது தண்ணீர். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதம்தான் இந்த வயதுக்குச் சரி. சாதத்தைவிடப் பருப்பு குறையாமல், நன்றாகக் கடைந்து, ஒரு தேக்கரண்டி நெய் ஊற்றிப் பிசையுங்கள். அந்த ஒரு தேக்கரண்டியில் 45 கலோரி கூடுகிறது.

முட்டை சாப்பிடும் வீடு என்றால் தினம் ஒரு முட்டை. அதில் உள்ள 6 கிராம் புரதம் இந்த வயதின் ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்ட பாதி. அவித்தது பிடிக்காவிட்டால் தோசை மேல் ஊற்றுங்கள், சாதத்தில் கிளறுங்கள்.

இட்லி மாவை நான் மிகவும் நம்புகிறேன். இட்லியாக மறுக்கும் பிள்ளை குழிப்பணியாரமாகத் தின்கிறது. கைக்கு அடங்குகிறது, உருண்டையாக இருக்கிறது, மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அதே மாவில் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய முருங்கை இலை, கொஞ்சம் பாசிப்பருப்பு என்று எதையும் சேர்க்கலாம். அடையில் பல பருப்புகள் ஒரே கல்லில் வந்துவிடுகின்றன. மிளகாயை மட்டும் குறையுங்கள்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு, பால் குறைத்தால் எலும்புக்கு என்ன ஆகும் என்று பயப்படும் அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். முளைகட்டி அரைத்தால் அதன் சத்து உடலில் இன்னும் நன்றாகச் சேரும். புட்டாகவும் தோசையாகவும் கொடுங்கள்.

மீனில் நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்கள் நல்லவை. முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு உதிர்த்துக் கொடுக்க வேண்டும். சுறாப் புட்டு முள்ளில்லாதது, பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். சைவ வீடுகளில் வறுத்த வேர்க்கடலையை நைசாகப் பொடித்துச் சாதத்திலோ கஞ்சியிலோ சேர்க்கலாம். எள்ளுப்பொடியும் அப்படியே. முதல்முறை மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள்.

தயிர்சாதம் தவிர எதையும் தொடமாட்டான். எப்படி மாற்றுவது?

பிடித்த உணவைப் பறிக்காதீர்கள். அதையே படிக்கட்டாகப் பயன்படுத்துங்கள். முதல் சில நாட்கள் அதே தயிர்சாதத்தில் ஒரு சிட்டிகை பருப்புப்பொடி, நிறம் தெரியாத அளவுக்கு. ஏற்றுக்கொண்டால் அரைத் தேக்கரண்டி. அடுத்து, தயிரைக் குறைத்துக் கடைந்த பருப்பைக் கூட்டுங்கள். இன்னொரு பக்கம், வதக்கிய வெள்ளரிக்காயோ துருவிய கேரட்டோ ஒரு கரண்டி தட்டின் ஓரத்தில், கலக்காமல். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்: நிறம், சுவை, பதம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் தட்டு பறக்கும். தோசை மட்டும் தின்னும் பிள்ளைக்கு மாவில் நாலில் ஒரு பங்கு கேழ்வரகு. ரசம் சாதப் பிள்ளைக்குப் பருப்பு ரசம், பிறகு கெட்டியான பருப்பு ரசம், பிறகு மிளகாய் குறைந்த சாம்பார். இதற்கு வாரங்கள் ஆகும், சில பிள்ளைகளுக்கு மாதங்களும் ஆகும். ஆகட்டும்.

எல்லா வேளையும் தட்டில் நிச்சயமாகத் தின்னும் ஒன்று இருக்கட்டும். அதன் பக்கத்தில் புதியது ஒன்று.

காய்கறி என்றாலே துப்புகிறாள்.

புதிய காய் ஒன்றை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து முறை வரை அதைப் பார்த்து, தொட்டு, ருசித்துப் பழக வேண்டியிருக்கும். நாம் மூன்றாம் முறையே "இவளுக்கு அவரைக்காய் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், அதுவும் அவள் காதில் விழும்படி. துப்பினால் துப்பட்டும், நாக்கில் பட்டதே கணக்கில் சேரும். இரண்டு நாள் விட்டு மறுபடியும் வையுங்கள்.

மாவிலும் பருப்பிலும் காயை மறைத்துக் கொடுப்பது சத்துக்கு உதவும், பழக்கத்துக்கு உதவாது. ஆகையால் மறைத்ததோடு கண்ணுக்குத் தெரியும் காயும் ஒரு துண்டு இருக்க வேண்டும். முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு ஈர்க்கை அவள் கையில் கொடுங்கள். பட்டாணி உரிக்கட்டும். கையில் பழகியது வாய்க்குப் போவது எளிது. வீட்டில் அப்பா காயை ஒதுக்கி வைத்தால் இவ்வளவும் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரத்தம் குறைவு என்று சொன்னார்கள். பீட்ரூட்டும் மாதுளையும் தினம் கொடுக்கிறேன். போதுமா?

போதாது. சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை அது. பீட்ரூட், மாதுளை இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 8 மி.கி. தேவை. நல்ல உணவுகள்தாம், தாராளமாகக் கொடுங்கள், இரும்புக்காக நம்பாதீர்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டில் ஒரு பிள்ளைக்கு மேல். இரத்தசோகை வந்தால் பசி மேலும் குறையும். பசி குறைந்தால் இரத்தசோகை மேலும் கூடும். இந்த வட்டத்தில் மாட்டிய பிள்ளையைத்தான் பல வீடுகளில் "சோம்பல்", "அடம்" என்கிறார்கள்.

அசைவம் சாப்பிடுபவர்கள் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) நன்றாக வேகவைத்து, மசித்துக் கொஞ்சம் கொடுங்கள். பிள்ளைக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்த நம் பாட்டிமார்கள் சரியாகவே செய்தார்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். சைவர்களுக்குப் பயறு, சுண்டல், கீரை, கம்பு. இவற்றின் இரும்பு உடலில் சேரப் புளிப்பும் வைட்டமின் சியும் துணை வேண்டும்: சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், சாப்பிட்ட பின் ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காய்த் துருவலோ கொடுங்கள். டீ, காபியைத் தம்ளர் மூடியில்கூடக் காட்டாதீர்கள்; அவை இரும்பைத் தடுக்கும்.

இரத்தசோகை இருப்பது உறுதியானால் உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். அரசின் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மி.லி. இரும்புச்சத்து சிரப் இலவசமாகக் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதக் குடற்புழு நீக்க முகாம்களையும் தவற விடாதீர்கள். இரும்புச்சத்து மருந்து குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பல் முளைத்தும் மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறேன். கட்டி பட்டால் ஓங்கரிக்கிறான்.

மெல்லுவதும் பழகித்தான் வர வேண்டும். ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டியான உணவைத் தொடாத பிள்ளைகள் பின்னால் அதிகம் அடம்பிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தாமதமானாலும் இப்போதே தொடங்கலாம். மிக்ஸியிலிருந்து மத்துக்கு, மத்திலிருந்து கையால் பிசைவதற்கு, பிறகு முழுச் சோறு. ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் இருங்கள். கூடவே கையில் பிடித்துக் கடிக்க வேகவைத்த கேரட் விரல், இட்லித் துண்டு, பப்பாளி. ஓங்கரிப்பது மூச்சடைப்பு ஆகாது: ஓங்கரிக்கும் பிள்ளை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும். மூச்சடைத்த பிள்ளைக்குச் சத்தமே வராது, உதடு நீலமாகும்.

எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

முழு வேர்க்கடலை, முந்திரி, முழுப் பொட்டுக்கடலை, பாப்கார்ன், சீடை, கெட்டி முறுக்கு, கடலைமிட்டாய், ஜெல்லி, பச்சைக் கேரட் துண்டு, கரும்புத் துண்டு. கொட்டை எடுக்காத நாவல்பழமும் இலந்தையும் அப்படியே. முழுக் கொட்டைப் பருப்புகள் ஐந்து வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். நுங்கு வழுக்கிக்கொண்டு போகும், மசித்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் படுத்துக்கொண்டும் சாப்பிட விடாதீர்கள். பண்டிகை நாட்களில் விருந்தினர் கையிலிருந்து என்ன வாங்கித் தின்கிறது என்று ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும்.

அப்படியும் சிக்கி, இருமலும் அழுகையும் நின்றுவிட்டால், குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளிவராவிட்டால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேல் கைவைத்து ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை மயங்கித் துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும்.

பாலில் கலக்கும் சத்து மாவு டப்பா வாங்கலாமா?

தேவையில்லை. பலவற்றில் சர்க்கரைதான் முன்னணியில் நிற்கிறது; டப்பாவின் பின்புறம் பாருங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பின் கீழ் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை உருண்டையாகவோ கொழுக்கட்டையாகவோ செய்து கொடுங்கள். அதைக் குறைவாக நினைக்க ஒரு காரணமும் இல்லை.

தொக்கம் எடுத்தால் சாப்பிடும் என்கிறார்கள். பசி மருந்து கொடுக்கலாமா?

தொக்கம் என்று சொல்வதுபோல், சாப்பிட்டது தொண்டையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பசியைத் தடுப்பதில்லை. தொண்டையில் உண்மையிலேயே ஏதாவது சிக்கினால் பிள்ளையால் எச்சிலைக்கூட விழுங்க முடியாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. தொக்கம் எடுப்பதாகச் சொல்லிக் குழல் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் காயத்தையும் கிருமியையும் கொண்டுவரலாம். வசம்பு உரசிக் கொடுப்பது வாந்தியில் முடியலாம். பசியைத் தூண்டும் சிரப்புகளில் சில தூக்கக் கலக்கத்தை உண்டாக்குபவை. மருந்துக் கடையில் கேட்டு நீங்களாக வாங்காதீர்கள்.

தயிரும் வாழைப்பழமும் சளி பிடிக்குமே?

பிடிக்காது. சளிக்குக் காரணம் கிருமி. அறை வெப்பத்தில் உள்ள தயிரையும் பழத்தையும் மழைக்காலத்திலும் கொடுக்கலாம். காய்ச்சல் நாட்களில் பசி குறையும். சரியான பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்?

எடை குறைந்தாலோ, இரண்டு மூன்று மாதமாக ஏறாமல் நின்றாலோ, அட்டையில் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கினாலோ. சாப்பிடும்போதெல்லாம் இருமல், புரையேறல், வாந்தி. மண், சுண்ணாம்பு, சாம்பல் தின்பது. இது பெரும்பாலும் இரும்புக் குறைவின் அடையாளம். கண் இமையின் உட்புறமும் நகமும் வெளுத்திருப்பது. பல நாள் மலச்சிக்கல். மலம் இறுகிய பிள்ளைக்குப் பசி எடுக்காது, அதைச் சரிசெய்தாலே சாப்பிடத் தொடங்கிவிடும். தின்னும் உணவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி, இருந்ததும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போவது. கூடவே பேச்சு வராமலிருப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது போன்றவை இருந்தால் தாமதிக்காமல் வளர்ச்சிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

போகும்போது எடை அட்டையோடு, மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பையும் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு, யார் கொடுத்தது. பாலை மி.லி. கணக்கில் எழுதுங்கள். பக்கத்து வீட்டில் வாங்கித் தின்ற பிஸ்கட்டையும் விட்டுவிடாதீர்கள்.